ஐப்பசியில் திம்பம் இறங்கியபோது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில்துறை அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு என்னைவிடப் பெரியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு பயணத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் நவம்பர் 1 நம்ம ஊருக்கு விடுதலை நாள். சனி, ஞாயிறும் சேர்ந்து நாலு நாள் லீவு. படிக்கும்போதே போட்ட திட்டம், பதினைந்து வருஷமாக ஆறிக் கிடந்தது. மூன்று பேர் கிளம்பினோம். நாலாவதாக நண்பனின் அப்பா. "பண்ணாரிக்கு ஒரு தேங்கா பாக்கி இருக்குப்பா, நானும் வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் வந்து நின்றுவிட்டார். நண்பன் முகம் கொஞ்சம் சுருங்கியதைப் பார்த்தேன்.

கல்லூரியில் அவன் எங்களிடம் சொன்னது, அப்பாவுக்கு 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்' என்று. அன்றைக்குத்தான், ஆத்தூர் தாண்டும்போது, அவராகவே பேச்சுவாக்கில் சொன்னார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மைசூர் லோடு ஏற்றி அந்த மலையில் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று அவருக்கே கணக்கில்லை. நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சேலம், பவானி, கோபி வழியாகச் சத்தியமங்கலம் போய்த் தங்கினோம். மறுநாள் காலை பண்ணாரியைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். வெளிநாட்டில் இருக்கும் நம்ம செட்டுக்காரன் ஒவ்வொரு அக்டோபரிலும் சிவந்த மேப்பிள் இலைப் படம் அனுப்பி நம்மை வெறுப்பேற்றுவான். அவனுக்கு அது இலையுதிர் காலம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். இலை உதிராது, மழைதான் உதிரும். இந்தக் காடு இலையைக் கொட்டுவது தை, மாசிக்கு மேல். நாங்கள் போனபோது ஒரே பச்சை. மூங்கிலில் தண்ணீர் சொட்டுகிறது, வளைவுக்கு வளைவு பனிமூட்டம் வந்து மூடுகிறது, திறக்கிறது.

2013-இல் புலிகள் காப்பகமான காடு இது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். புலி எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக ஒரு யானை குட்டியோடு காத்து நின்றது. சுங்கச்சாவடி மாதிரி! அப்பா சொன்னார், "அது கேட்டா குடுத்துட்டுப் போவணும். ஆர்ன் அடிக்கக் கூடாது." 2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போனதும் இந்தத் தாளவாடிப் பக்கம்தான். அந்த நாளில் இருட்டினால் இந்த ரோட்டில் வண்டியை நிறுத்தவே பயப்படுவார்களாம்.

மத்தியானம் இறக்கம். ஸ்டீயரிங் என் கையில். நான் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பேப்பரில் வகுப்பிலேயே முதல் மார்க். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டுவிட்டு, பிரேக்கை அழுத்தி அழுத்தி வந்தேன். பாதி மலை இறங்கியிருப்போம்.

"தம்பி, வாசன வருது."

"முன்னாடி போற லாரிப்பா" என்றேன்.

அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. எதிரே ஒரு லாரி ஏறி வருகிறது. என் கால் பிரேக்கிலேயே உறைந்துவிட்டது. பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"கால எடுத்து கிளட்ச மிதி. மூணு போடு. ம். இப்ப ரெண்டு. மலைப்பக்கமா ஒட்டியே வா."

இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. லாரி ஒரு முழ இடைவெளியில் போனது. கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரமான இடத்தில் நின்றோம். நண்பன் தண்ணீர்ப் பாட்டிலோடு சக்கரத்துக்கு ஓடினான். "ஊத்தாத, டிஸ்க் வெடிச்சுப் போவும்" என்றார். முக்கால் மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தோம்.

தம்பிகளே, கணக்கை நான் அங்கேயே உட்கார்ந்து போட்டேன். வண்டியும் ஆட்களும் சேர்த்து ஒன்றரை டன், இறக்கம் சுமார் எழுநூறு மீட்டர். ஒரு கோடி ஜூல். முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு. அதை இன்ஜினோடு பங்கு போடாமல் முழுக்க பிரேக் தலையிலேயே கட்டினேன். போதாததற்கு நாலு வருஷமாக பிரேக் ஆயில் மாற்றவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல் கொதிப்பது, ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். உள்ளே குமிழி வந்துவிட்டால் பெடல் அழுத்தம் குமிழியை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"ஏறுற கியர்லதான் எறங்கணும்" என்பது அவருக்குத் தெரியும்.

டீக்கடையில் ஒருவர் "யாரு வண்டிய நிறுத்தினது?" என்று கேட்டார். என் நண்பன்தான் பதில் சொன்னான்: "எங்க அப்பா. லாரி டிரைவர்." பதினைந்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு பண்ணாரியில் இறங்கி, ஒன்றுக்கு இரண்டாகத் தேங்காய் உடைத்தார்.

வருகிற ஐப்பசியில் மறுபடி போகிறோம். பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. இரவில் அந்த மலையில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருப்பதால் பகலில்தான் ஏறுவோம். வேனில் ஐந்து இடம் காலி. விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள். முன்சீட்டை மட்டும் கேட்காதீர்கள், அது அப்பாவுக்கு.