சொல்லின் மந்திரமும் சித்திரத்தின் மந்திரமும்



நாவல் ஒன்றைச் சித்திரக்கதையாக மாற்றுவதென்றால் அதைச் சுருக்குவதென்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். நீண்ட நூலைப் படிக்கப் பொறுமையற்ற இளையோருக்கு வழங்கப்படும் ஒரு சலுகை என்பது அக்கருத்தின் மறுபக்கம். இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஒரேயொரு நாவலை முன்வைத்து இன்று நோக்கலாம் என எண்ணுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட 'எ விஸார்ட் ஒஃப் ஏர்த்சீ' என்ற மாயப் புனைகதையே அந்த நாவல். பர்னாஸஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகத்தின் உரிமையாளர், இளையோருக்கு ஒரு நாவல் எழுதித் தருமாறு கேட்டதன் விளைவாகவே அது பிறந்தது. 1971, 1972, 1990ஆம் ஆண்டுகளிலும் பின்னர் 2001இல் இரண்டு நூல்களாகவும் அந்தத் தீவுலகத்தின் கதை வளர்ந்தது. லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார். முதல் நாவலைப் பிரித்தானிய ஓவியர் பிரெட் ஃபோர்டம் முழுமையான சித்திரக்கதை நூலாக்கினார். அது 2025ஆம் ஆண்டு வெளிவந்தது. இவர் அதற்கு முன்னரே 'டு கில் எ மொக்கிங்பேர்ட்', 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஆகிய நாவல்களைச் சித்திரமாக்கியவர்.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நூற்றுக்கணக்கான தீவுகளைக் கொண்ட ஓர் உலகம். அதில் கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன். தாயற்றவன், தகப்பன் கொல்லன். அவனிடம் மந்திர ஆற்றல் இருப்பது தெரியவருகின்றது. ஒகியன் என்ற அமைதியான மந்திரவாதி அவனது பதின்மூன்றாவது வயதில் கெட் என்ற உண்மைப் பெயரைச் சூட்டுகிறார். ரோக் தீவிலுள்ள மந்திரவாதிகளின் கல்விக்கூடத்திற்குச் செல்லும் கெட், சக மாணவன் ஒருவன்மீது கொண்ட பொறாமையாலும் செருக்காலும் இறந்தவளொருத்தியின் ஆவியை அழைக்கத் துணிகிறான். அவ்வேளையில் திறந்த பிளவின் வழியே பெயரற்ற கரிய நிழலொன்று உலகினுள் பாய்ந்துவிடுகின்றது. அந்நிழலிடமிருந்து ஓடுவதும், பின்னர் திரும்பி நின்று அதனைத் துரத்துவதுமே எஞ்சிய கதை.

இந்தக் கதையைச் சித்திரமாக்க முனைபவர் முதற் கட்டத்தை வரையும்போதே ஒரு தீர்மானம் எடுத்தாக வேண்டும். கெட்டின் தோல் என்ன நிறம்?

லெ குவின் இவ்விடயத்தில் மிகுந்த திட்டமிடலுடன் எழுதியவர். ஏர்த்சீயின் மக்களிற் பெரும்பாலானோர் செம்பழுப்பு நிறத்தவர். கெட்டின் நண்பனான வெட்ச் அதனினும் கரியவன். வெண்ணிறத் தோலும் பொன்னிறக் கூந்தலும் கொண்டவர்கள் முதல் அத்தியாயத்திலே தீவைச் சூறையாட வரும் கார்காட் படையினரே. மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி வைத்த வெள்ளையர் என்றிருந்த மேலைநாட்டு மரபை அவர் இவ்வாறு தலைகீழாக்கினார். எனினும் அதை அவர் உரத்துச் சொல்லவில்லை. கெட்டின் நிறம் தெளிவாகத் தெரியவருவது, அவன் வெட்சைச் சந்திக்கும் மூன்றாம் அத்தியாயத்திலேதான். அதற்குள் வாசகன் கெட்டின் அச்சத்தையும் ஆசையையும் தன்னுடையவையாக்கிக் கொண்டுவிடுகிறான். வெள்ளையரான இளம் வாசகர் அவனுள் புகுந்து குடியேறிய பின்னரே தாம் குடியிருப்பது யாருடைய உடலில் என்பதை அறிய வேண்டும் என்பதே தமது நோக்கம் என அவர் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

இந்த உபாயம் எழுத்துக்கே உரியது. எழுத்தினால் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்க முடியும், சித்திரத்தினால் முடியாது. ஆகவே சித்திரக்கதை அந்த நுட்பத்தைத் தவிர்க்கவியலாமல் இழக்கின்றது. ஆனால் இதே விடயத்தில் ஓர் ஈட்டமும் உண்டு. அதை விளங்கிக்கொள்வதற்கு இந்நூலின் அட்டைப்படங்களின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

முதற் பதிப்பிற்கு ரூத் ரொபின்ஸ் வரைந்த அட்டை, கெட்டை அவனுடைய நிறத்தோடு காட்டியது. அதன்மீது லெ குவின் கடைசிவரை பெருமதிப்பு வைத்திருந்தார். ஆனால் பிற்பட்ட பதிப்புகள் பலவற்றில் கெட் வெளிறிய தோலுடையவனாக மாறிப்போனான். 2004 டிசெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று இக்கதையைக் குறுந்தொடராக ஒளிபரப்பியபோது கெட்டாக நடித்தவர் ஒரு வெள்ளை இளைஞர். லெ குவின் பகிரங்கமாகக் கண்டனக் கட்டுரை எழுதினார். அத்தொடரில் இன்னொரு விபரீதமும் நிகழ்ந்தது. நாவலில் உலகறிந்த அழைப்புப் பெயர் 'ஸ்பறோஹோக்'. இரகசியமான உண்மைப் பெயர் கெட். தொடரிலே இவ்விரண்டும் இடம் மாற்றி வைக்கப்பட்டன. உண்மைப் பெயரை அறிந்தவன் ஒருவனையே ஆளலாம் என்பதே அவ்வுலகத்தின் அடிப்படை விதி. அந்த விதியில் அமைந்த கதையில் பெயர்களை மாற்றியவர்கள் கதையை எவ்வளவு தூரம் படித்திருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில் நோக்குமிடத்து, ஃபோர்டமின் சித்திரக்கதை பக்கத்திற்குப் பக்கம் ஒரு சாட்சியமாக அமைகின்றது எனலாம். இங்கே கெட் பழுப்பு நிறத்தவன். அவனுடைய ஊரும் ஆசிரியர்களும் தோழர்களும் அவ்வாறே. சொற்களாக மாத்திரம் இருந்த ஒன்றை, கவனமற்ற வாசகரும் அட்டையை முடிவுசெய்யும் வியாபாரிகளும் மறந்துவிட முடிந்தது. வரையப்பட்ட முகத்தை அவ்வாறு மறக்க முடியாது. மெல்ல மெல்லத் தெரியவரும் வியப்பு போய்விட்டது. ஆனால் உண்மை நிலைபெற்றுவிட்டது. இப்புதிய நூலிலே முதன்முதலாகக் கெட்டைச் சந்திக்கும் ஒரு சிறுமிக்கு, பழுப்பு நிற மந்திரவாதி என்பது விதிவிலக்காகத் தோன்றப்போவதில்லை. அது இயல்பாகவே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் நிறத்தினும் ஆழமானது. ஏர்த்சீயின் மந்திரம் கோலிலோ மருந்திலோ இல்லை, மொழியில் இருக்கிறது. கல்லுக்கும் கடலுக்கும் பருந்துக்கும் ஆதி மொழியில் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிவதே வித்தை. ரோக்கின் மாணவர்கள் தனித்த கோபுரமொன்றில் இருந்து பெயர்ப் பட்டியல்களை மனனம் செய்கிறார்கள். இதை எவ்வாறு வரைவது? மற்றைய மந்திரக் கதைகளில் ஒளிக்கீற்றும் புகையும் வரைந்தாற் போதும். இங்கே ஒருவன் ஒரு சொல்லைச் சொல்கிறான், உலகம் கீழ்ப்படிகின்றது. இவ்விடத்தில் ஓவியர் மூல ஆசிரியரின் வாசகங்களிலே சாய்ந்துதான் ஆக வேண்டும். ஃபோர்டம் அவற்றைத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறாரேயன்றி, தம்முடைய உரைநடையால் அவற்றை மாற்றீடு செய்ய முயலவில்லை. இது அடக்கமும் அறிவும் சேர்ந்த செயலென்பேன்.

மூன்றாவது, அந்த நிழல். தலையும் முகமும் இல்லாத ஒரு கரிய திரளாகவே நாவல் அதை முதலிற் காட்டுகின்றது. வாசகன் தன் மனத்திலுள்ள அச்சத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறான். அதற்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டால் அது வெறும் பூதமாகிவிடும். இங்கே சித்திரக்கதைக் கலையின் ஓர் அடிப்படை துணைக்கு வருகின்றது. ஸ்கொட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில், சித்திரக்கதையின் உயிர் கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலே இருக்கிறதென்று விளக்கினார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குப் போகும்போது இடையில் நிகழ்ந்ததை வாசகனே கற்பனை செய்கிறான். ஆகவே சித்திரமும் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. மறைப்பதற்கு அதனிடமும் இடமுண்டு. ஃபோர்டமின் நூலில் இருள் சூழ்ந்த பக்கங்கள் பல. சொல்லே இல்லாமல் கடலும் படகும் மாத்திரம் செல்லும் பக்கங்களும் உள. அதிகம் பேசாத ஒகியனிடம் கெட் கற்றிருக்க வேண்டிய மௌனத்தை அவை வாசகனுக்குக் கற்பிக்கின்றன. நாவலில் ஒரு வாக்கியத்தாற் கடந்துவிடும் தனிமையை இங்கே கண் நின்று பார்க்கின்றது.

மூல ஆசிரியரோடு இணைந்து செய்யப்பட்ட இன்னொரு சித்திர முயற்சியையும் குறிப்பிட வேண்டும். தொடர் முழுவதையும் ஒரே தொகுதியாக 2018இல் வெளியிட்டபோது அதற்குச் சார்ள்ஸ் வெஸ் ஓவியங்கள் வரைந்தார். ஏர்த்சீயின் பறவைநாகம் எவ்வாறிருக்கும் என்பதில் இருவரிடையே வரைவுகள் பலமுறை போய்வந்தன. தம் மனத்திலிருந்ததை இன்னொருவர் கை வரையும்போது வழிகாட்டுவதற்கு லெ குவினுக்கு அப்போது வாய்ப்பிருந்தது. ஃபோர்டமுக்கோ அவருடைய சொற்கள் மாத்திரமே வழிகாட்டின. அவ்வழிகாட்டலை அவர் மதித்திருக்கிறார் என்பதே என் முடிபு.

அப்படியானால் புதிய வாசகர் எதை முதலிற் படிப்பது? எழுத்து நூலையே முதலிற் படிக்க வேண்டும் என்று விதிப்பதற்கு எனக்கு மனமில்லை. சித்திரம் வழியாக வந்தவன், வெட்சும் கெட்டும் முதன்முதலிற் சந்திக்கும் பக்கத்தை நாவலிலே தேடிப் படித்தால், தான் கண்ணாற் கண்டதை எழுத்து எவ்வளவு நேரம் தன்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது என்பதை உணர்வான். எழுத்து வழியாக வந்தவன் சித்திரத்தைப் பார்த்தால், தான் இதுவரை எந்த முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தான், அதற்கு யார் நிறம் பூசினார்கள் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். இந்த இரண்டாவது கேள்வி சற்றுச் சங்கடமானது. அதை எழுப்ப வல்ல ஒரு சித்திரக்கதையைச் சுருக்கம் என்றோ சலுகை என்றோ கூறுவதற்கில்லை.