கைநாட்டும் கைப்பேசியும்

(பெடாஸ் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



பெடாஸ் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் காரம் என்பது பொருள். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் சற்றுக் காரமானதே. நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்ற கைப்பேசியைப் பற்றியது அது.

கணினி என்றால் அலுவலகத்தில் கிராணியார் மேசைமேல் இருப்பது என்று எண்ணிய காலம் மறைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் பெடாஸ்-லிங்கி கட்டணச் சாவடியில் அட்டையைக் காட்டியவுடன் தடுப்புக் கம்பு உயர்கிறது. அங்கே வேலை செய்வது கணினி. 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளியை 2025 ஆகஸ்டு 31 முதல் அரசாங்கம் மைகார்டு வழியாக வழங்கியது. மளிகைக் கடையில் அந்த அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்கியபோது கணக்குப் பார்த்ததும் கணினியே. சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டு வாசற்படியில் அமர்ந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். ஆகவே, "கணினி நமக்கு எதற்கு?" என்று எவரும் இனிக் கேட்பதற்கில்லை. அது நம் வீட்டிற்குள் வந்துவிட்டது. வந்த விருந்தாளி எத்தகையவர் என்று அறிந்துகொள்வதே இப்போது நம் கடமை.

இது குறித்துத் தோட்டங்களில் மூன்று கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்கருத்து, "பேஸ்புக், வாட்ஸ்அப், டிக்டாக் எல்லாம் இலவசம்தானே, அதில் நமக்கு என்ன நட்டம்?" என்பது. கோடிக்கணக்கில் செலவிட்டு இயந்திரங்களை நிறுவி நடத்தும் நிறுவனங்கள், காசு வாங்காமல் நமக்கு ஊழியம் செய்வதற்குக் காரணம் இருக்க வேண்டுமல்லவா? இத்தகைய நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருகிறது. நாம் எதைப் பார்க்கிறோம், எதைத் தேடுகிறோம், எந்த ஊரில் இருக்கிறோம் என்பனவற்றை அவை குறித்து வைத்துக்கொள்கின்றன. இன்ன விளம்பரத்தை இன்னாரிடம் காட்டினால் பயன் விளையும் என்று கணித்து, அதற்கு விலை பேசுகின்றன. ஆக, நாம் பணமாகக் கொடுக்காததை விவரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விவரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மலேசியாவின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களைப் பற்றிய விவரங்கள் வெளியே கசிந்த செய்தி வந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம்தான். எண்களோடு பெயர், முகவரி முதலியனவும் சேர்ந்தே போயின. முன்பின் அறியாத ஒருவன் நம்மை அழைத்து, நம் பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லி, "நாங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று நம்பவைக்க இத்தகைய கசிவுகளே வழிவகுக்கின்றன. பெயரைச் சரியாகச் சொன்னான் என்பது ஒருவனை நம்புவதற்குப் போதிய காரணம் ஆகாது.

இவ்விடத்தில் நம் முன்னோரை நினைவுகூர்தல் பொருந்தும். தமிழகத்திலிருந்து கப்பலேறிய அவர்களுள் பலர், எழுத்தறியாமையால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கைநாட்டு வைத்தனர். அத்தகைய ஒப்பந்தக் கூலி முறையில் மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எழுத்தறிவு பெற்றுவிட்ட நாமோ, புதிய செயலி ஒன்றை இறக்கியவுடன் பக்கம் பக்கமாக வரும் நிபந்தனைகளைப் படியாமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்துகிறோம். கைவிளக்குச் செயலி ஒன்று நம் தொலைபேசிப் பட்டியலைக் கேட்டால், விளக்கு எரிய அப்பட்டியல் எதற்கு என்று நாம் கேட்க வேண்டாமா? வேண்டாத அனுமதியை மறுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. மறுத்தாலும் பெரும்பாலான செயலிகள் வேலை செய்யவே செய்யும்.

இரண்டாவது கருத்து, "இதிலெல்லாம் அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்பது. தோட்ட மக்களாகிய நமக்கு இதற்கு விடை எளிதில் விளங்கும். மளிகைக் கடைத் தராசில் இருக்கும் அரசாங்க முத்திரையை நாம் அறிவோம். 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் அதற்கு வகை செய்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் தராசைச் சோதிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுவதில்லை. அவ்வாறே, முதலாளி மனமிரங்கித் தொழிலாளியின் முதுமைக்குப் பணம் ஒதுக்குவார் என்று காத்திராமல், 1951-இல் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. பெரியவன் கையில் அளவுகோலும், சிறியவன் கையில் பொருளும் இருக்கும்போது நடுவில் சட்டம் நிற்பது முறையே. தொழில்நுட்ப நிறுவனங்களின் தராசு கண்ணுக்கும் தெரிவதில்லை. எந்தக் காணொளியை நம் பிள்ளைக்கு அடுத்ததாகக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கு அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டம் இயற்றப்பட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வாணிபத்திற்காக நம் விவரங்களைத் திரட்டுவோர், எதற்காகத் திரட்டுகிறோம் என்று நமக்குத் தெரிவிக்க வேண்டும். நம் விவரத்தைப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தச் சொல்லவும், விளம்பரத்திற்குப் பயன்படுத்தாதீர் என்று தடுக்கவும் அச்சட்டம் நமக்கு உரிமை தருகிறது. அரசாங்கத் துறைகள் அச்சட்டத்தின் வரம்பிற்குள் வாரா என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நேர்மையாகும். 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அபராதத்தின் உச்சவரம்பு 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சம் வெள்ளியாக உயர்ந்தது. விவரங்கள் கசிந்தால் அதனை மறைக்காமல் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமை 2025 ஜூன் முதல் நிறுவனங்களின்மீது விழுந்துள்ளது.

மலேசியாவில் 80 இலட்சம் பயனர்களுக்குக் குறையாமல் பெற்றுள்ள சமூக ஊடகங்களும் இணையச் செய்திச் சேவைகளும் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி 1-இல் தொடங்கியது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. சிறுவரைச் சீரழிக்கும் படங்களையும் பண மோசடிகளையும் தடுக்க நடவடிக்கை எடுப்பதும், புகார் செய்ய வழி அமைப்பதும் அச்சட்டத்தின்படி நிறுவனங்களின் பொறுப்பு.

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கூகுள் நிறுவனம் தேடுதல் துறையில் தன் முற்றுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 16 வயதிற்குக் குறைந்தோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்வதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. தகவல் அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

சட்டம் பெருகினால் கருத்துரிமை குறையுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சம் தள்ளத்தக்கதன்று. தராசைச் சோதிக்க வந்தவர், கடையில் நிற்போர் பேசிக்கொள்வதையும் சோதிக்கத் தொடங்கினால் அது முறையாகாது. அவ்வெல்லையைக் காப்பதற்கே நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருக்கின்றன. விழிப்புள்ள குடிமக்களும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கருத்து, மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. "நாம் ஏழைகள். நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்பதே அது.

பெருமக்களே, நம்மிடம் இருக்கிறது. 2024 மே 11 முதல், 55 வயதிற்கு உட்பட்ட சேமநிதி உறுப்பினர்களின் கணக்கில் நெகிழ்வுக் கணக்கு என்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் கைப்பேசி வழியாகவே எடுத்துக்கொள்ளலாம். அவசரத்திற்கு உதவும் ஏற்பாடுதான். ஆனால் நம் விரலுக்கு எளிதானது, நம் கடவுச்சொல்லை அறிந்த வேறொருவன் விரலுக்கும் எளிதே.

பணமே இல்லாதவனிடமும் திருடுவதற்கு ஒன்று உண்டு. அது அவன் பெயர். வேலை தேடும் இளைஞனிடம் ஒருவன் வருகிறான். "உன் வங்கி அட்டையைச் சில நாளைக்குக் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன்" என்கிறான். வெறுங்கணக்குத்தானே என்று இவனும் கொடுத்துவிடுகிறான். எங்கோ ஒரு மூதாட்டியை ஏமாற்றிப் பறித்த பணம் அக்கணக்கிற்கு வந்து, சற்று நேரத்தில் வெளியேறிவிடுகிறது. போலீசார் தேடி வரும்போது ஏட்டில் இருப்பது இவன் பெயர்! இதனை மலாய் மொழியில் "அக்காவுன் கெல்டாய்", அதாவது கழுதைக் கணக்கு என்பர். பிறர் பாரத்தைச் சுமந்து அடியையும் வாங்கிக்கொள்வதால் அப்பெயர் பொருத்தமானதே. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகளின்படி, பிறர் கணக்கை முறையின்றி வைத்திருப்பதும் தன் கணக்கைப் பிறருக்குக் கொடுப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். கணக்கு முடக்கப்பட்டால் மாதச் சம்பளத்திற்கும் இடையூறு வரும்.

மேலே கூறிய இணையப் பாதுகாப்புச் சட்டமும் எல்லா இடத்திற்கும் வந்து காவல் நிற்காது. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் செய்திகள் அதன் வரம்பிற்குப் புறம்பானவை. அவற்றைத் திறந்து பார்க்காமல் இருப்பது நம் அந்தரங்கத்திற்கு நல்லது. ஆனால் மோசடிக்காரன் அவ்வழியாகவே வருகிறான் என்பதால், அவ்வாசலில் நாமே காவலாளிகள்.

காவல் முறைகள் எளியவை. வங்கி அனுப்பும் "டேக்" எண்ணையும் கடவுச்சொல்லையும் எவருக்கும் சொல்லலாகாது, போலீஸ் என்று சொல்லிக்கொண்டு அழைப்பவருக்கும்தான். செய்தியில் வரும் கோப்பைத் தட்டிச் செயலியை நிறுவலாகாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் "ஏ.பி.கே." கோப்பை அனுப்பி, கைப்பேசியைத் தம் வசமாக்கிக்கொண்டு வங்கிப் பணத்தை எடுத்த மோசடிகளைப் பற்றி மலேசியப் போலீசார் 2023-இல் எச்சரித்தனர். அழைப்பு உண்மையென்றால் அழைத்தவரிடமே பேசித் தெரிந்துகொள்ளலாம். வங்கி அட்டையையும், நம் பெயரில் பதிவான சிம் அட்டையையும் எவருக்கும் இரவல் தரலாகாது.

இத்தனைக்கும் பிறகு பணம் பறிபோய்விட்டால், உடனே நம் வங்கியையோ 997 என்னும் எண்ணையோ அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பிறகு போலீசில் புகார் செய்ய வேண்டும். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவிக்கொண்டே போகும். அது நாட்டை விட்டு வெளியேறுமுன் வழிமறிப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் பயன்படும். "ஊரார் சிரிப்பார்களே" என்று வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர், திருடனுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தவர் ஆவார். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தை நம் தோட்டங்களில் முதலில் ஒழிக்க வேண்டும். படித்தவர்களும் உயர்பதவியில் இருப்போரும் ஏமாந்துதான் இருக்கிறார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கைப்பேசி வாங்கித் தந்ததோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. திரையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துச் சொல்லுங்கள். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். பெரியவர்களும் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, ஆலயம், இளைஞர் மன்றம் ஆகியவற்றில் மாதம் ஒரு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, எவருக்கு என்ன செய்தி வந்தது, அது மெய்யா பொய்யா என்று கூடிப் பேசினால், அரசாங்கத்தின் பத்துச் சுவரொட்டிகள் தராத பயனை அது தரும்.

சட்டம் செய்வது அரசாங்கத்தின் பணி. அதனை மதித்து நடப்பது நிறுவனங்களின் கடமை. கேட்டறிந்த பின்னரே விரலை வைப்பது நம் பொறுப்பு. அன்று கைநாட்டு வைத்தவருக்குத் தாளைப் படித்துக்காட்ட ஆளில்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது. இன்றிரவே அப்பிள்ளையை அருகில் அழைத்து, உங்கள் கைப்பேசியில் எந்தெந்தச் செயலி எதையெதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.