கழுத்தில் குழாய் இருக்கும்போது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இந்த மாதம் வந்த உள்கடன் விண்ணப்பங்களில் மூன்றில் ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். கடனைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அவர்கள் கழுத்தில் இருக்கிற குழாயைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர், பெயர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று ராத்திரி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மழையில நனைஞ்சதுதான்னு நினைச்சு மாத்திரை கொடுத்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு குழறிவிட்டது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. ஆள் பிழைத்தார், வீட்டிலிருந்த இரண்டு ஆடும் போச்சு.

கையில் ஏற்றும் டிரிப்ஸ் ஊசி மாதிரி இல்லை இது. குழாயின் நுனி இருதயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது நுழைகிற இடத்தில் கிருமி புகுந்தால் நேரே ரத்தத்துக்குத்தான் போகும். அதனால் குழாய் இருக்கிறவருக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அந்த இடத்தில் சிவப்பு, வலி, சீழ் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கட்டு நனையக் கூடாது. கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டு மேலே துணியால் துடைத்தால் போதும். திருநீறு, மஞ்சள், பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். துணிக்கட்டு என்றால் இரண்டு நாளைக்கு ஒரு முறை, உள்ளே தெரிகிற பிளாஸ்திரி என்றால் ஏழு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நனைந்தாலோ பிரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். மாற்றுவது சிஸ்டர் வேலை, நாம் பிரிக்கக் கூடாது. குழாயைத் திறக்கும்போது சிஸ்டர் கை கழுவி, கையுறை போட்டு, மூடியை மருந்தால் துடைக்க வேண்டும். அவருக்கும் நோயாளிக்கும் முகமூடி வேண்டும். "சிஸ்டர், இவருக்கு மாஸ்க் போடலையே" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூடி கழன்றால் உடனே கிளிப்பை அழுத்தி மூடி, தலை தாழ்ந்திருக்கும்படி இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். குழாயே வெளியே வந்துவிட்டால் திரும்பச் சொருகக் கூடாது. படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் குழாய் தற்காலிகம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது என்பது மருத்துவ வழிகாட்டுதல். நாங்கள் பார்க்கிற வீடுகளில் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிஸ்டுலா என்கிற கை ஆபரேஷன் செய்தால் கை விளங்காமல் போகும் என்ற பயம். முன்னே சொன்ன வீட்டிலும் அதைத்தான் தள்ளிப்போட்டார்கள். ஆபரேஷன் செய்த கை ஊசிக்குத் தயாராகவே ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை என்ன செய்வது, தோலுக்கடியில் ஓடுகிற வேறு குழாய் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காப்பீட்டு அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

அந்த மூன்று உறுப்பினர்களும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். டயாலிசிஸ் பிரிவின் போன் நம்பரைப் பாஸ்புக் அட்டையில் எழுதித் தருகிறோம்.