கையெழுத்துக்கு முன்னே



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண்களிடையே, புற்றுநோயால் நேரும் மரணங்களில் மார்பகப் புற்றுநோயே முதன்மையானதாயிருந்தும், அந்நோயின் பரம்பரைக் காரணங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகளின் ஏடுகளை நெடுங்காலம் நிரப்பியிருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரின் குடும்ப விருத்தாந்தங்களே. இப்பெண்கள் ஆராய்ச்சிக்கு முன்வருவதில்லை என்று குறை கூறுவது சுலபம். ஏன் வரவில்லை என்று விசாரிப்பதல்லவா நியாயம்?

1970-களின் முற்பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பொது மருத்துவமனையொன்றில், பிரசவ வேதனையிலிருந்த மெக்ஸிக வம்சத்துப் பெண்கள் பலரிடம், அவர்களுக்கு விளங்காத ஆங்கிலப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கருத்தடைச் சிகிச்சை செய்துவிட்டார்கள். அதை எதிர்த்துப் பத்துப் பெண்கள் தொடுத்த வழக்கும் 1978-இல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. இந்தச் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணிடம், மறுபடியும் ஒரு வெள்ளை அங்கிக்காரர் வந்து, "இரத்தம் கொடம்மா, இங்கே கையெழுத்துப் போடு" என்றால், அவள் தயங்குவதை அறியாமை என்பார் சிலர். நான் விவேகம் என்பேன்.

ஆயினும் அவள் விலகி நிற்பதால் அவளுக்கே நஷ்டம். 1994-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் அடையாளம் காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இரண்டில் ஏதேனுமொன்று தீங்கு தரும்படி பிறழ்ந்திருக்குமானால், அத்தகைய பெண்கள் நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கிலே, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாயிருந்து வரும் ஸ்பானியக் குடும்பங்களில், யூதர்களிடம் பிரசித்தமான ஒரு பிறழ்வு காணப்பட்டது. ஸ்பெயினில் மதம் மாற நேர்ந்த யூதர்களின் வழியாக அது வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்து, நோயின் அபாயத்தைக் குறைக்கும் ஒரு மரபு வேறுபாட்டை 2014-இல் லாரா ஃபெஜெர்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண்களிடமே கண்டார்கள். ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது எங்கிருந்து தெரிந்திருக்கும்!

ஆகவே அழைக்கும் முறைதான் மாற வேண்டும். 'ப்ரொமோத்தோரா' எனப்படும் அதே பேட்டைப் பெண்கள், மாதா கோயில் மண்டபத்திலும் வீட்டுச் சமையற்கட்டிலும் உட்கார்ந்து, தாயும் கணவனும் தமக்கையும் கேட்டிருக்க, ஸ்பானிய மொழியிலே நிதானமாகப் பேசும்போது, பலகாலப் பயம் சற்றே தளர்கிறது. குடியேற்றப் பத்திரங்களை எவரும் கேட்கமாட்டார்கள் என்ற உறுதியும், வேலை முடிந்தபின் வரத்தக்க நேரமும், வழிச்செலவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் அவளுக்கு வேண்டும். இவற்றை ஆராய்ச்சியின் சில்லறைச் செலவென்று ஒதுக்குபவர்கள் ஆராய்ச்சியையே ஒதுக்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசோதனையின் முடிவு அவளுக்குத் திரும்பி வரவேண்டும். பிறழ்வு இருப்பதாகத் தெரிந்தால், இன்ஷூரன்ஸ் இல்லாத அவளுக்கு அடுத்த பரிசோதனைக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மரபணுவைக் காட்டி மருத்துவ இன்ஷூரன்ஸ்காரர்களும் முதலாளிகளும் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது. ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு அந்தத் தடை இல்லை. இதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்க வேண்டும்.