பெயர் பெறாத பொறியியல் கல்லூரியா? அரசு பாலிடெக்னிக்கா?

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் மஹல்லாவில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகின்றது. நல்ல பொறியியல் கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. பெயர் கேள்விப்படாத ஒரு கல்லூரியின் முகவர் வீடு தேடி வந்து, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாகவும் முன்பணம் உடனே வேண்டும் எனவும் கூறுகின்றார். அரசு பாலிடெக்னிக் என்றாலோ உறவினர் முகம் சுளிக்கின்றனர். சம்பந்தம் பேச வருவோரும் 'மாப்பிள்ளை என்ஜினீயரா?' என்றுதானே கேட்கின்றனர்!

கல்விக் குழுவினராகிய நாங்கள் முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். பத்தாம் வகுப்புக்குப் பின் 3 ஆண்டு டிப்ளமோ முடித்தவர், பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக மொத்தம் 6 ஆண்டுகள். மேல்நிலை 2 ஆண்டு, பொறியியல் 4 ஆண்டு என்றாலும் அதே 6 ஆண்டுகள்தாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களுடன் கணிதமோ, தொழிற்பிரிவோ படித்தவர் டிப்ளமோவிலேயே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவருக்கு 2 ஆண்டும், பட்டத்திற்கு 3 ஆண்டும் ஆகும். நேராகக் கல்லூரிக்குச் செல்பவரைவிட ஓராண்டு கூடுதல், அவ்வளவே.

அந்த ஓராண்டுக்கு ஈடாகக் கிடைப்பது சிறிதன்று. அரசு பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். பேருந்துப் பயண அட்டையும் இலவசம். நகையை அடகு வைக்கவோ வட்டிக் கடனில் சிக்கவோ வேண்டியதில்லை. அதனினும் மேலானது, நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வு. அங்கு டிப்ளமோ மதிப்பெண்தான் பேசும். பன்னிரண்டாம் வகுப்பில் சறுக்கியது பொருட்டன்று. அரசுப் பொறியியல் கல்லூரிகளும் அக்கலந்தாய்வில் இடம் தருகின்றன. 17 வயதில் மூடிய கதவு 19 வயதில் மீண்டும் திறக்கின்றது.

வளைகுடாவை எண்ணியே பலர் பட்டத்தை விரும்புகின்றோம். அதில் நியாயம் உண்டு. டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் டெக்னீசியனாகவோ மேற்பார்வையாளராகவோதான் செல்ல இயலும். ஆனால் எந்தப் பட்டமும் போதும் என எண்ணிவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டில் குவைத் அரசு, பொறியாளர்கள் தம் இருப்பிட அனுமதியைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. அச்சங்கமோ இந்தியப் பட்டங்களுக்கு என்.பி.ஏ. அங்கீகாரத்தைக் கேட்டது. பல ஆண்டுகள் அங்குப் பணியாற்றியவர்களும், தாம் படித்த பாடப்பிரிவுக்கு அந்த அங்கீகாரம் இல்லாததால் தவித்தனர். 'எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு' என முகவர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கப்படுவது.

பாலிடெக்னிக் வழியிலும் இடர் உண்டு. இரண்டாம் ஆண்டில் நுழையும் மாணவர் முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மேற்கணிதத்தைச் சந்திக்கின்றார். பலர் 'அரியர்' வைப்பது அங்கேதான். டிப்ளமோ இறுதியாண்டு விடுமுறையிலேயே கணிதத்திற்குத் தனிப்பயிற்சி தேவை. டிப்ளமோ முடித்ததும் சம்பளம் வருகிறதே என்று மேற்படிப்பை விட்டுவிடுவோரும் உளர். குடும்ப நிலை அப்படியெனில் அதைக் குறை கூற மாட்டோம்.

சிறிய கல்லூரிகள் யாவும் தீயன என்பதும் எங்கள் கருத்தன்று. அரசுக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்து, பாடப்பிரிவுக்கு அங்கீகாரமும் இருந்து, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலிலும் அக்கல்லூரி ஓரளவு நின்றால் தாராளமாகச் சேர்க்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், 2010ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் சேர்வோர்க்கே உரியது; நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அதனை இழக்கின்றார்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்கனி, மாப்பிள்ளா என உட்பிரிவு சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இதனைத் தேர்வு முடிவு வருமுன்பே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் செலுத்துமுன் அதன் பெயரையும் பாடப்பிரிவையும் எழுதி, மஃரிபுக்குப் பின் கல்விக் குழுவிடம் கொண்டுவாருங்கள். அங்கீகாரத்தையும் தேர்ச்சிப் பட்டியலையும் உங்களுடன் அமர்ந்தே பார்த்துச் சொல்கின்றோம்.