காத்திருந்த தலைவர்

(நூற்றாண்டு விழாவையொட்டி, தொழில்புரியும் பழைய மாணவிகளுக்காக நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)





இன்று இந்த மண்டபத்தில் இரண்டு வகையான பழைய மாணவிகள் அமர்ந்திருக்கிறோம். எங்களில் சிலர் முதலாவது நியமனக் கடிதத்தை இப்போதுதான் கையில் வாங்கியவர்கள். வேறு சிலர் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் கம்பனிகளிலும் பெரிய பொறுப்புகளில் இருப்பவர்கள். வேலைத்தலத்தில் இந்த இரு பகுதியினரும் எதிரெதிரே வருவது பெரும்பாலும் கூட்ட அறையில் அல்ல. மின்தூக்கியில், சிற்றுண்டிச்சாலை வரிசையில், வருடாந்த ஒன்றுகூடலில், வேலை முடிந்து வாசலில் நிற்கும்போது. ஒரு நிறுவனத்தின் மிக இளைய ஊழியரும் அதன் தலைவரும் இப்படி எதிர்ப்படும் சில நிமிடங்களைப் பற்றியே இன்று கதைக்க விரும்புகிறோம்.

இதற்கு ஓர் உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. எழுத்தாளர் சுதா மூர்த்தி தம் அனுபவமாகவே அதை எழுதியிருக்கிறார். எங்களில் பலர் வாசித்திருப்போம். ஆனாலும் ஒரு பெண்கள் பாடசாலையின் மண்டபத்தில் நின்று அதைத் திரும்பவும் பார்த்தால் புதிதாகச் சில விடயங்கள் தெரிகின்றன.

1974 ஆம் ஆண்டு. சுதா குல்கர்ணி என்ற மாணவி பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பின் இறுதி வருடத்தில் இருந்தார். அவருடைய பிரிவில் அவர் மட்டுமே பெண். டாட்டா குழுமத்தைச் சேர்ந்த டெல்கோ கம்பனி பொறியியலாளர்களைத் தேடி ஒரு விளம்பரம் செய்திருந்தது. அதன் அடியில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி. கோபம் வந்தது. ஒரு தபாலட்டையை வாங்கி, டாட்டா குழுமத்தின் தலைவர் ஜே. ஆர். டி. டாட்டாவுக்கே எழுதிப் போட்டுவிட்டார். அவர் படித்துக்கொண்டிருந்த நிறுவனம் ஜம்செட்ஜி டாட்டாவின் கொடையால் 1909 இல் உருவானது. கல்விக்கு இவ்வளவு செய்த டாட்டாக்களின் கம்பனி பெண்களை இப்படி ஒதுக்கலாமா என்பதே அவர் கேட்ட கேள்வி.

பத்து நாள் ஆவதற்குள் தந்தி வந்தது. புனேயில் நேர்முகப் பரீட்சை. தொழில்நுட்பக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். தொழிற்சாலைத் தளத்தில் இதுவரை பெண்களை எடுத்ததில்லை என்று அவர்கள் விளக்கியபோது, எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார். வேலை கிடைத்தது. டெல்கோவின் தொழிற்சாலைத் தளத்தில் வேலைசெய்த முதல் பெண் பொறியியலாளர் அவரே.

இந்த இடத்தில் எங்கள் நாட்டையும் நினைத்துப் பார்ப்பது நல்லது. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளராகக் கருதப்படும் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் 1960களிலேயே பட்டம் பெற்றுவிட்டார். அவர் ஒரு தமிழ்ப் பெண். ஆகவே பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அந்த விளம்பரம் அச்சாவதற்கு முன்பே பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடைத்துவிட்டது.

சுதா பின்னர் பம்பாய்க்கு மாற்றலாகி வந்தார். டாட்டா குழுமத்தின் தலைமையகமான பம்பாய் ஹவுஸில் ஒருநாள் டெல்கோவின் தலைவர் சுமந்த் மூல்காவ்கரிடம் அறிக்கைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஜே. ஆர். டி. அங்கே வந்தார். இந்தப் பெண் தொழிற்சாலைத் தளத்தில் வேலைசெய்த முதல் பெண் பொறியியலாளர் என்று மூல்காவ்கர் அறிமுகப்படுத்தினார். சுதாவுக்கு நெஞ்சு பதைத்தது. அந்தத் தபாலட்டையைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ? அவர் கேட்கவில்லை. பெண்கள் பொறியியலுக்கு வருவது நல்ல விடயம் என்று சொல்லி, பெயரை விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது சந்திப்புத்தான் எங்கள் பேச்சின் மையம். வேலை முடிந்த நேரம். கணவர் வந்து அழைத்துப் போவதற்காகச் சுதா காத்து நின்றார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் குழுமத்தின் தலைவர். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னார். இருட்டுகிறது, நடைபாதையில் ஒருவரும் இல்லை, கணவர் வரும்வரை நானும் நிற்கிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் அங்கேயே நின்றார். கணவர் வந்தபின், இனி மனைவியைக் காக்கவைக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள் எனக் கூறி விடைபெற்றார்.

சகோதரிகளே, இதில் எங்களைத் தொடுவது எது? அவர் நின்றது மட்டுமல்ல, நின்ற விதமும். தம்முடைய அறைக்கு வந்து இருக்கச் சொல்லவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லவில்லை. எவரும் பார்க்கக்கூடிய நடைபாதையில் நின்றார். அந்தப் பெண்ணின் கணவர் வந்ததும் போய்விட்டார். அவரிடமிருந்து சுதாவுக்கு ஒரு பாதுகாப்புக் கிடைத்தது. பதிலுக்கு அவர் கொடுக்கவேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்று எங்கள் இளைய தங்கைகளுக்கு விளங்கும். மேலதிகாரியுடனான தனிப்பட்ட சந்திப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. சும்மா ஒரு கோப்பி குடித்துக் கதைப்போம் என்று வரும் அழைப்பு உண்மையிலேயே வழிகாட்டலாக இருக்கலாம். வேறு ஒன்றாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் இருப்பாள். வீட்டாரும் காரணம் தெரியாமல் அவளையே ஏசுவார்கள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய அளவுகோல் ஒன்று உண்டு. சந்திப்பு நடக்கும் இடம் மற்றவர்கள் பார்க்கக்கூடியதா? நேரம் வேலை நேரத்தோடு ஒட்டியதா? வேறு எவருக்கும் சொல்லக்கூடியதா? வரமுடியாது என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாதா? நான்குக்கும் ஆம் என்றால் தயங்காமல் போகலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்றால் போகவேண்டிய கடமை இல்லை. அதை நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லலாம். திகதியோடு எழுதி வைக்கலாம். சங்கத்தில் உள்ள அக்காமாரில் ஒருவரை அழைக்கலாம். நூறு வருடச் சங்கம் என்பது விருந்துக்கும் பரிசளிப்புக்கும் மட்டும் அல்ல.

இனி, நல்ல சந்திப்பு அமைந்தால் என்ன செய்வது? எங்கள் கல்லூரியில் அதிபர் வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்கப் பழகினோம். கேட்டால் மட்டும் பதில் சொல்லப் பழகினோம். அந்த மரியாதை அழகானது, அதை விடவேண்டாம். ஆனால் பிரதம நிறைவேற்று அதிகாரி மின்தூக்கியில், வேலை எப்படிப் போகிறது என்று கேட்கும்போது, நல்லாப் போகுது சேர், நல்லாப் போகுது மேடம் என்பதோடு முடித்துவிட்டால் அவருக்கும் பயனில்லை, எங்களுக்கும் பயனில்லை. மேலே போகும் அறிக்கை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மெருகேறித்தான் போகிறது. வாடிக்கையாளர் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், தமிழில் நிரப்பவேண்டிய படிவத்தில் எந்த வரி எவருக்கும் விளங்கவில்லை, எந்த இயந்திரம் அடிக்கடி நிற்கிறது என்பதெல்லாம் அடியில் இருப்பவருக்கே நேரடியாகத் தெரியும். ஆகவே பெயரையும் பகுதியையும் தெளிவாகச் சொல்லி, தன் வேலையில் தான் கண்ட ஓர் உண்மையைச் சொன்னால் போதும். சக ஊழியரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அது இடமல்ல. கதைத்ததைத் தன் முகாமையாளருக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. பின்னர் அவர் வேறு வாயால் கேட்டு மனங்கசக்க வேண்டியிராது.

பெரிய கதிரைகளில் இருக்கும் எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. அந்தத் தபாலட்டையை எழுதியவர் ஒரு மாணவி. செல்வாக்கோ சிபார்சோ அவரிடம் இல்லை. அது குப்பைக்கூடைக்குப் போயிருந்தால் கேட்பதற்கு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். இன்று எங்கள் மேசைக்கு அப்படி வரும் மின்னஞ்சல்களை யார் வாசிக்கிறார்கள்? எங்களுடைய நிறுவனத்தில் ஒரு பயிலுநர் எங்களைக் கண்டால் வேறு படிக்கட்டால் இறங்கிப் போகிறாளா? அவளுடைய முகாமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறை இருக்கிறதா என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அவள் சொன்னதைச் செய்யமுடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று திரும்பிவந்து சொல்கிறோமா? மாலையில் விளக்குகள் அணைந்தபின் அவள் எப்படி வீடு போகிறாள் என்று எங்களுக்குத் தெரியுமா? அவளுக்கு முன்னேற்றம் பற்றி விரிவுரை செய்வதற்கு முன் அந்தப் பேருந்தைப் பற்றிக் கேட்கலாம்.

கடைசிச் சந்திப்பு 1982 இல். சுதா டெல்கோவை விட்டு விலகும் நேரம். பம்பாய் ஹவுஸ் படிக்கட்டில் ஜே. ஆர். டி. மேலே ஏறிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் நின்றார். கணவர் இன்போசிஸ் என்றொரு கம்பனியைத் தொடங்கியிருக்கிறார், புனேக்குப் போகிறோம் என்றார் சுதா. வெற்றி கிடைத்தபின் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். வெற்றி கிடைக்குமோ தெரியாது என்றபோது, தயக்கத்தோடு எதையும் தொடங்கவேண்டாம் என்றும், கிடைப்பதைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுத் தம் வழியே ஏறிப்போனார். போகிறவளைத் தடுக்கவுமில்லை, நன்றி எதிர்பார்க்கவுமில்லை. 1996 இல் தொடங்கிய இன்போசிஸ் அறக்கட்டளையைப் பின்னாளில் சுதா மூர்த்தி பல வருடங்கள் நடத்தினார். அவருடைய அலுவலகச் சுவரில் ஜே. ஆர். டி.யின் படம் தொங்கியது.

எங்கள் கல்லூரி எங்களுக்குச் செய்ததும் இதுதான் அல்லவா? கற்பித்தார்கள், காவல் நின்றார்கள், போகும் நேரத்தில் வாழ்த்தி அனுப்பினார்கள். அந்தக் கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க முடியாது. எங்களுக்குப் பின் வரும் பிள்ளைக்குத்தான் கொடுக்கலாம். இந்த நூற்றாண்டு வருடத்தில் எங்கள் ஒவ்வொருவரிடமும் சங்கம் கேட்பது சிறிய விடயம்: உங்கள் வேலைத்தலத்தில் மிகவும் இளைய பெண் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவளுடைய பெயரைக் கேளுங்கள். சொல்ல வந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

எங்கள் கல்லூரி வாழ்க, வளர்க.