முதியோர் இல்லமும் கவிஞரின் செவியும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்குகளில் தவறாது இடம்பெறும் பாடுபொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று முதியோர் இல்லம். தாயைக் கொண்டுவந்து விட்டுச்செல்லும் மகன், வாசற்கம்பியைப் பற்றியபடி நிற்கும் தாய், கருவறையில் இடம் தந்தவளுக்கு வீட்டில் ஓர் அறை இல்லை என்னும் முரண், அதைத் தொடரும் கைத்தட்டல். இந்த அமைப்பில் நூற்றுக்கணக்கான கவிதைகள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் உள்ள சினம் நேர்மையானது; கைவிடுதல் கொடிது என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆயினும் அக்கவிதைகளில் ஒரு குறை உண்டு. அந்தத் தாய் அவற்றில் பேசுவதே இல்லை. மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குச் சான்றாக மட்டுமே அவள் நிறுத்தப்படுகிறாள். கவிதை வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே செல்வதில்லை. உள்ளே செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட முதுமை

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் பேசுகிறார். கையில் ஊன்றுகோல், இருமலுக்கு இடையே சில சொற்கள். ஆனால் அவர் பேச்சு நோயைப் பற்றியதன்று. மணற்பாவை செய்து விளையாடிய மகளிரோடு கைகோத்து ஆடியதையும், நீர்த்துறையில் தாழ்ந்த மருதக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் நினைந்து, அந்த இளமை எங்கே என்று இரங்குகிறார். பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோக, கோலைக் குறித்த தொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என நிலைபெற்றார். அப்பாட்டில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. முதியவரைப் பற்றி வேறொருவர் பேசவில்லை; முதியவரே பேசுகிறார்.

பிசிராந்தையாரிடம் ஆண்டுகள் பல கடந்தும் நரை இன்மைக்குக் காரணம் கேட்டபோது, அவர் மருந்தெதையும் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என மனிதர்களையே அடுக்கினார். முதுமையின் நலம் சுற்றியுள்ள மனிதர்களால் அமைவது என்பது 191ஆம் புறப்பாட்டின் செய்தி.

பொது இடத்தில் ஆதரவற்றோரைப் பேணுதலும் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மதுரையில் ஆபுத்திரன் பார்வையற்றோரையும் செவித்திறன் இழந்தோரையும் நடக்க இயலாதோரையும் பாதுகாப்பார் இல்லாதோரையும் அழைத்து உண்பித்துப் பின்னரே தான் உண்டதையும், மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதையும் சாத்தனார் பாடியுள்ளார். மேலைநாட்டிலும் இப்பணியின் தொடக்கங்களுள் ஒன்று எளியதே. 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் என்னும் ஊரில் ழான் ழுகான் என்னும் ஏழைப் பெண், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குக் கொணர்ந்து, தம் கட்டிலையே கொடுத்தார். அவர் தொடங்கிய சபையினர் 1882இல் கொல்கத்தாவில் இல்லம் அமைத்தனர்.

இல்லத்துக்கு வருவோர்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். நாட்டின் மக்கள்தொகையில் அது நூற்றுக்கு 8.6, தமிழகத்திலோ 10.4. குழந்தைப் பிறப்புக் குறைந்து ஆயுள் நீண்டதன் விளைவு இது. ஐந்து மக்கள் பகிர்ந்து செய்த பணியை இன்று ஒருவரோ இருவரோ செய்ய வேண்டியுள்ளது.

இல்லங்களில் வாழ்வோர் அனைவரும் விரட்டப்பட்டவர் அல்லர். மணம் செய்துகொள்ளாமல் தம்பி தங்கையரைக் கரையேற்றிய பெண்கள் இருக்கிறார்கள். மகப்பேறில்லாக் கைம்பெண்கள் இருக்கிறார்கள். ஒரே பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே சென்று நான்கு சுவர்களுக்குள் வாழ விரும்பாமல் இங்கே தங்கியவர்கள் இருக்கிறார்கள். எண்பத்தைந்து வயதுத் தாயைத் தூக்கி அமர்த்த, இதயநோயுள்ள அறுபத்துமூன்று வயது மகளால் இயலாமையால் வந்தவர்களும் இருக்கிறார்கள். கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரையும் ஒரே கண்ணீராக்கிவிடும் கவிதை, விரும்பி வந்தவரையும் வெட்கப்பட வைக்கிறது. உறவினரிடம் தம் முகவரியைச் சொல்லக் கூசுவோர் இல்லங்களில் உண்டு. அக்கூச்சத்தில் கவியரங்கக் கைத்தட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு.

பணிகளின் நுட்பம்

நன்கு நடக்கும் இல்லத்தில் பொழுது விடிவதற்கு முன்பே பணி தொடங்குகிறது. படுத்த படுக்கையாய் இருப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் தோன்றும். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அப்பணி நிற்பதில்லை. விழுங்கும் ஆற்றல் குறைந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுகரண்டியால் மெல்ல ஊட்ட வேண்டும். உண்டபின் உடனே படுக்கவிடலாகாது. குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, இரவில் அணையாத சிறுவிளக்கு ஆகிய மூன்றும் பல இடுப்பெலும்பு முறிவுகளைத் தடுக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதும், காதுக்கருவிக்குப் பேட்டரி மாற்றுவதும், ஒருவர் பல்செட்டு மற்றொருவருக்கு மாறாமல் பார்ப்பதும் சிறு பணிகளாகத் தோன்றலாம். அவை தவறினால் அந்த மனிதருக்கு அன்றைய உலகம் மூடிக்கொள்கிறது.

மறதிநோய் உற்றவரைப் பேணுதல் இன்னும் நுட்பமானது. மாலை மங்கியதும் ஒரு மூதாட்டி எழுந்து, ‘வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடும்’ என்று வாயிலை நோக்கி நடக்கிறார். பிள்ளைகளுக்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். புதிதாய் வந்த பணியாளர் உண்மையைச் சொல்லித் தடுக்கிறார்; அழுகையும் சினமும் எழுகின்றன. பழகிய பணியாளர் அவ்வாறு செய்வதில்லை. ‘பிள்ளைங்களுக்கு என்ன பலகாரம் செய்வீங்கம்மா?’ என்று கேட்டபடி கூடவே நடக்கிறார். அதிரசத்துக்குப் பாகு எடுக்கும் பதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூதாட்டி தம் கட்டிலருகே திரும்பியிருக்கிறார். எந்தப் பட்டமும் பெறாத அந்தப் பணியாளர், தம் தாயை ஊரில் அக்கம்பக்கத்தார் பொறுப்பில் விட்டுவிட்டுப் பிறர் தாயைப் பேண வந்தவர். அவரைப் பற்றியும் கவிதை இல்லை.

பெயரும் விருப்பமும்

ஐக்கிய நாடுகள் அவை 1991ஆம் ஆண்டு முதியோருக்கான கோட்பாடுகளை ஐந்து தலைப்புகளில் வகுத்தது. தற்சார்பு, பங்கேற்பு, கவனிப்பு, ஆற்றல் நிறைவு, மாண்பு என்பன அவை. கவனிப்பு ஐந்தில் ஒன்று மட்டுமே என்பதைக் கருத வேண்டும். பல இல்லங்கள் அந்த ஒன்றைச் செம்மையாகச் செய்துவிட்டு ஐந்தும் நிறைந்ததாக எண்ணிக்கொள்கின்றன.

வாழ்நாளெல்லாம் ஒன்பது மணிக்கு உண்டவர், சமையலாளர் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ஆறரைக்கே உண்ண வேண்டியிருக்கிறது. எப்புடவை உடுப்பது, சன்னலைத் திறப்பதா மூடுவதா, யார் அருகில் அமர்வது என்பனவற்றை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். முப்பதாண்டு தலைமையாசிரியராய் இருந்த அம்மையாரை எல்லாரும் ‘பாட்டி’ என்றழைக்க, அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. செவி மந்தம் என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. ஒருநாள் பழைய மாணவி ஒருத்தி வந்து ‘டீச்சர்’ என்று மெல்ல அழைக்கிறாள். அக்குரல் உடனே கேட்டுவிடுகிறது. செவியில் குறையில்லை, விளியில்தான் குறை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் பல உரிமைகளை வழங்கியுள்ளது. பேண மறுக்கும் மக்கள்மீது தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பேணுவார் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அவர் பேணத் தவறினால் மீட்க வழி உண்டு. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றேனும் படிப்படியாக அமைய வேண்டும் என்றும் அச்சட்டம் கருதுகிறது. முதியோர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். எனினும் ஒருவரை அவருக்குரிய பெயரால் அழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது பண்பாட்டின் வேலை. ஆகவே இலக்கியத்தின் வேலை.

கொடையாளரும் விருந்தும்

பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் இல்லங்களில் உணவளித்தல் நல்ல வழக்கம். ஆனால் கொடையாளர் குடும்பம் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வருகிறது. அதுவரை இலைமுன் முதியோர் காத்திருக்கிறார்கள். அவர்களுள் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சோறு தாழ்ப்பது உயிருக்கே கேடு. பின்னர்ப் படம் எடுக்கிறார்கள், கைகூப்பச் சொல்கிறார்கள். நீரிழிவு உள்ளவர் இலையிலும் சர்க்கரைப் பொங்கல் விழுகிறது. கொடுப்பவர் மகிழ்ச்சிக்காகப் பெறுபவர் நடிக்க வேண்டியிருக்கிறது. இலக்கிய அமைப்புகள் ஆண்டுக்கொருமுறை சென்று கவியரங்கம் நடத்திப் போர்வை வழங்கித் திரும்புவதும் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்ததே.

கவிஞர் செய்யத்தக்கன

பேசுவதற்காகச் செல்லாமல், கேட்பதற்காகச் செல்லுதல் முதலாவது. ஓர் இல்லத்தின் தாழ்வாரம் தமிழ் வட்டார வழக்குகளின் களஞ்சியம். ஒருவர் அப்பத்தாவைப் பற்றிப் பேசுவார். அடுத்தவர் அம்மாயி என்பார். மூன்றாமவர் ஆச்சி என்பார். நாற்று நடவுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், கைமருத்துவமும், நெல்வகைகளின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஒரு கட்டில் காலியாகும்போது அவற்றுள் ஒரு பகுதி எழுதப்படாமலே போய்விடுகிறது. உரியவர் இசைவோடு அவற்றைக் குறித்துவைத்தல், அவர் பெயரையும் சேர்த்துப் பதிப்பித்தல் இவ்வட்டத்தால் இயலும்.

இரண்டாவது, படித்துக் காட்டுதல். கண்மங்கிய வாசகர்கள் இல்லங்களில் பலர். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒரு நாவலைத் தொடர்ச்சியாகப் படித்துக் காட்டினால், அடுத்த வாரத்தை எதிர்நோக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். மூன்றாவது, கைநடுங்குவோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல். சொல்வதை அலங்கரிக்காமல், சொன்னபடியே எழுதுதல்.

நான்காவது, இறப்பை மறைக்காமை. சில இல்லங்களில் ஒருவர் இறந்தால் விடியுமுன் பின்வாயில் வழியே கொண்டுசெல்கின்றனர். கேட்போருக்கு ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்னும் விடை. முதியோர் குழந்தைகள் அல்லர். பல சாவுகளைக் கண்டவர்கள். பக்கத்துக் கட்டிலில் ஆறாண்டு வாழ்ந்தவருக்கு ஒரு பிடி மலர் இடும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த வேளையில் சொல்வதற்குச் சொற்கள் வேண்டும். சொற்கள் கவிஞர்களிடம் இருக்கின்றன.

நிறைவாக

தொடித்தலை விழுத்தண்டினார் அன்று பாடியதனால், ஒரு முதியவர் மடுவில் குதித்த ஓசை இன்றும் கேட்கிறது. இன்றைய இல்லங்களிலும் கிணற்றில் குதித்தவர்கள், கண்மாயில் நீந்தியவர்கள், அதிரசப் பாகின் பதம் அறிந்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தும் கவிதைகள் போதிய அளவு வந்துவிட்டன. அவர்கள் பேசும் கவிதைகள் இனி வரவேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் அவற்றைத் தொகுத்து ஒரு மலர் வெளியிடுமாயின், அதன் முதற்படி ஓர் இல்லத்தின் தாழ்வாரத்தில், உரியவர் கையில், அவரவர் பெயர் சொல்லி அழைத்து வழங்கப்படட்டும்.